ஜப்பான் கடைகளுக்கு வராத கேம்கள்

'ஜப்பானில் தடை செய்யப்பட்ட கேம்கள்' என்று தேடிப் பாருங்கள், வீடியோவும் பட்டியலுமாக வந்து கொட்டும். அதில் முக்கால்வாசி தலைப்பிலேயே தப்பு. ஒரு கேமை எடுத்து 'இதை நாட்டுக்குள் விற்கக் கூடாது' என்று உத்தரவு போடும் அரசுத் துறை ஜப்பானில் கிடையாது. டெட் ஸ்பேஸ் அங்கே வரவில்லை, மார்ட்டல் காம்பாட் வரிசை பல வருடமாக எட்டிப் பார்க்கவில்லை, கலிஸ்டோ புரோட்டோகால் முன்பதிவுக்குப் பணம் வாங்கிய பிறகு வராமல் போனது, இதெல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றை நிறுத்தியது நீதிமன்றமும் இல்லை, அமைச்சரும் இல்லை. இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் 'தடை' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால், இதற்கு யாரைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

கலிஸ்டோ புரோட்டோகாலில் இருந்தே ஆரம்பிக்கலாம். டெட் ஸ்பேஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கிளென் ஸ்கோஃபீல்ட், ஸ்ட்ரைக்கிங் டிஸ்டன்ஸ் ஸ்டுடியோவில் செய்த விண்வெளித் திகில் கேம் அது, வெளியிட்டது கொரியாவின் கிராஃப்டன். 2022 டிசம்பர் 2 அன்று உலகம் முழுக்க வருவதாக இருந்தது. அதற்கு ஐந்து வாரம் மட்டுமே இருந்த நிலையில், அக்டோபர் கடைசியில், கேமின் ஜப்பானியக் கணக்கில் ஒரு அறிவிப்பு வந்தது: இப்போது இருக்கும் நிலையில் செரோ என்ற அமைப்பின் வயது ரேட்டிங் கிடைக்காது, உள்ளடக்கத்தை மாற்றினால் ரசிகர்கள் எதிர்பார்க்கும் அனுபவத்தைக் கொடுக்க முடியாது, அதனால் ஜப்பானில் வெளியிடவில்லை, முன்பதிவு செய்தவர்களுக்குப் பணம் திரும்பி வரும். அவ்வளவுதான். அதுவரை ஜப்பானிய மொழியில் டிரெய்லர் பார்த்துக் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது அந்தச் சில வரிகள் மட்டும்.

அந்த அறிவிப்பில் மொத்தக் கதையும் இருக்கிறது. அரசு நிறுத்தவில்லை, நிறுவனம்தான் கையை எடுத்துக்கொண்டது. அப்படி எடுக்க வைத்தது செரோ.

செரோ என்பது 2002இல் தொடங்கிய, லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பு. கேம்களுக்கு வயது முத்திரை குத்துவது அதன் வேலை. 2006 முதல் எழுத்து முறை: எல்லாருக்கும் ஏ, 12க்கு மேல் பி, 15க்கு மேல் சி, 17க்கு மேல் டி, கடைசியாக இஸட், அதாவது 18 வயது ஆனவர்களுக்கு மட்டும் விற்க வேண்டியது. மதிப்பிடுகிறவர்கள் கேம் தொழிலோடு சம்பந்தமில்லாத சாதாரண ஆட்கள், பயிற்சி கொடுத்து உட்கார வைப்பார்கள். அவர்கள் கேமை முழுதாக விளையாடுவதில்லை, வெளியிடும் நிறுவனம் அனுப்பும் காட்சிப் பதிவுகளைப் பார்த்து முடிவு சொல்கிறார்கள். காகிதத்தில் பார்த்தால் இது தன்னார்வ ஏற்பாடு. நடைமுறையில் அப்படி இல்லை. சோனி, நிண்டெண்டோ, மைக்ரோசாஃப்ட் மூன்று பேரும் ஜப்பானில் டிஸ்க்காகவோ கார்ட்ரிட்ஜாகவோ விற்கும் கேமுக்கு செரோ முத்திரை வேண்டும் என்கிறார்கள், கடைகளும் அதைத்தான் பார்க்கின்றன. முத்திரை இல்லையென்றால் கடையில் இடம் இல்லை.

சரி, வயது முத்திரைதானே, ரத்தம் அதிகம் என்றால் இஸட் குத்திவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். இஸட்டுக்கும் மேலே ஒரு கூரை இருக்கிறது. பாலியல், வன்முறை, சமூக விரோதச் செயல்கள், மொழியும் சித்தாந்தமும் என்று தலைப்புகள் பிரித்து, 'தடை செய்யப்பட்ட வெளிப்பாடுகள்' என ஒரு பட்டியலை செரோ வைத்திருக்கிறது. அதில் ஒன்று இருந்தாலும் எந்த எழுத்தும் கிடையாது. பெரியவர்களுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டிய பெட்டிக்குள்ளும், பெரியவர்கள் பார்க்கக் கூடாதவை என்று சில இருக்கின்றன. 18 வயது ஆனவரிடம் மட்டும் விற்க வேண்டும் என்று ஒரு வகையை உருவாக்கியது எதற்கு? பெரியவர்களுக்கான படைப்பு அதன் முழு உருவில் இருக்க இடம் வேண்டும் என்பதற்குத்தானே? அந்த இடத்தையும் கத்தரித்துவிட்டுக் கொடுப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வன்முறையில் செரோ கண்டிப்பாக இருப்பது குறிப்பாக உடல் துண்டாவதில்தான். கை கால் வெட்டுப்படுவது, தலை போவது, வெட்டிய இடத்தின் உட்பக்கம் தெரிவது, உள்ளுறுப்புகள். சுட்டால் ரத்தம் தெறிப்பது பரவாயில்லை, சுட்ட கை கழன்று விழுந்தால் பிரச்சினை. இப்போது டெட் ஸ்பேஸை நினைத்துப் பாருங்கள். 2008இல் வந்த அந்த கேமின் அடிப்படை விதியே, எதிரியின் தலையில் சுட்டு பயனில்லை, கை கால்களைத் துண்டித்தால்தான் சாகும் என்பது. ஐசக் கிளார்க் ஒரு பொறியாளர், கையில் இருப்பது சுரங்க வேலைக் கருவி, அதை நேராகவும் குறுக்காகவும் திருப்பி எந்த மூட்டில் வெட்டலாம் என்று பதற்றத்தோடு முடிவெடுப்பதுதான் அந்த விளையாட்டு. இதில் துண்டிப்பை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? விதியே போய்விடுகிறது. ரத்தத்தைக் குறைத்த பதிப்பு என்று ஒன்றைச் செய்வதற்கு அங்கே வழியே இல்லை. முதல் பாகம் வரவில்லை, அடுத்த இரண்டும் வரவில்லை, 2023இல் புதிதாகச் செய்து வெளியிட்டபோதும் ஜப்பானியக் கன்சோல்களுக்கு அது வரவில்லை. திகில் கேம்களுக்கு உலகத்துக்கே பாடம் எடுத்த நாட்டில், அந்தப் பாடத்தைப் படித்து வளர்ந்தவர்கள் செய்த ஒரு சிறந்த திகில் கேமைக் கடையில் வாங்க முடியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

மற்ற கேம்களில் வெட்டு என்பது விதியாக இல்லாமல் காட்சியாக மட்டும் இருப்பதால், அவை மாற்றங்களோடு உள்ளே வந்துவிடுகின்றன. தி விட்சர் 3 வந்தது, நிர்வாணக் காட்சிகளில் உடை போட்டு, வெட்டுக் காயங்களைக் குறைத்து. தி லாஸ்ட் ஆஃப் அஸ் வந்தது, உடல் துண்டாவதை எடுத்துவிட்டு. சைபர்பங்க் 2077 வந்தது, அதிலும் உடலை மறைத்துத்தான். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 உலகத்துக்கு 2013 செப்டம்பரில் வந்தது, ஜப்பானுக்கு அக்டோபர் 10, அதில் வரும் ஒரு சித்திரவதைக் காட்சி இல்லாமல். கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2இல் விமான நிலையத்தில் பொதுமக்களைச் சுடும் அந்தப் பெயர்போன கட்டம் இருக்கிறதே, 2009இல் ஸ்கொயர் எனிக்ஸ் வெளியிட்ட ஜப்பானியப் பதிப்பில் பொதுமக்களைச் சுட்டால் ஆட்டம் முடிந்துவிடும். மற்ற நாடுகளில் ஆட்டக்காரர் சுடுவதா வேண்டாமா என்று தன் மனசாட்சியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஜப்பானில் அந்த முடிவை கேமே எடுத்துவிட்டது. அந்தக் காட்சி பிடித்தவர்களும் இருக்கிறார்கள், அருவருத்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் இருவருமே தாங்களே விளையாடிப் பார்த்து அந்தக் கருத்துக்கு வந்தவர்கள்.

இப்படி மாற்றுவதற்குச் செலவு ஆகும். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது சின்ன வேலை மாதிரி தெரியும், ஒரு காட்சியை எடுத்துவிட்டால் போச்சு என்று. உண்மையில் ஜப்பானியப் பதிப்பு என்று தனியாக ஒரு கிளை உருவாகிறது. மாற்றிய மாடல்கள், மாற்றிய அனிமேஷன், சில இடத்தில் கேமராவே வேறு கோணம். அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும், தனியாகச் சமர்ப்பிக்க வேண்டும், அப்புறம் கேமுக்கு வரும் ஒவ்வொரு பேட்சும், ஒவ்வொரு கூடுதல் உள்ளடக்கமும் இரண்டு முறை செய்யப்பட வேண்டும். இதற்கு மேல் மொழிபெயர்ப்பு, டப்பிங். ஒரு கதாபாத்திரமாக வாழ்ந்து விளையாடும் ரோல்பிளேயிங் கேம் என்றால் எழுத்து மட்டுமே பல நாவல் அளவுக்கு இருக்கும். இவ்வளவும் செய்து எத்தனை பிரதி விற்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். விற்பனைப் பிரிவில் இருக்கும் ஒருவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் அங்கேயே முடிந்தது. எந்த அறிவிப்பும் வராது. ஜப்பானுக்கு வராத பெரும்பாலான கேம்கள் இப்படிச் சத்தமில்லாமல்தான் வராமல் போகின்றன. கலிஸ்டோ மாதிரி வெளிப்படையாகக் காரணம் சொன்னவர்கள் குறைவு, அந்த அளவில் அவர்களைப் பாராட்டுகிறேன்.

மார்ட்டல் காம்பாட்டை எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். தொண்ணூறுகளில் அது ஜப்பானுக்கு வந்தது. நிண்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் கன்சோலில் இரண்டாம் பாகம் வந்தபோது ரத்தத்தைப் பச்சை ஆக்கினார்கள், தோற்றவரைக் கொடூரமாகக் கொன்று முடிக்கும் ஃபேட்டாலிட்டி சமயத்தில் திரை கறுப்பு வெள்ளையாக மாறும். 2011இல் அந்த வரிசை புத்துயிர் பெற்றபோது ஃபேட்டாலிட்டிகள் முழு உடற்கூறு விவரத்தோடு வந்தன, எலும்பு நொறுங்குவது எக்ஸ்ரே மாதிரி தெரிந்தது. பச்சை ரத்தத்தால் மூடி மறைக்கக்கூடிய அளவை எல்லாம் அது தாண்டிவிட்டது. தவிர, சண்டை கேம்களில் ஜப்பானிடம் ஸ்ட்ரீட் ஃபைட்டர், டெக்கன், கில்டி கியர் என்று சொந்தச் சரக்கு நிறைந்து கிடக்கிறது. நூற்றுக்கணக்கான அனிமேஷன்களை மாற்றி, சொந்த ரசிகர் கூட்டம் இல்லாத சந்தையில் இறக்க எந்த நிறுவனமும் யோசிக்கும். 2011இல் வந்த பாகம், மார்ட்டல் காம்பாட் எக்ஸ், 11ஆம் பாகம், அப்புறம் 2023இன் மார்ட்டல் காம்பாட் 1 வரை எதுவும் அங்கே அதிகாரபூர்வமாக வரவில்லை.

கன்சோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360 ஜப்பானில் அதன் ஆயுள் முழுக்கச் சுமார் 16 லட்சம் விற்றது. எக்ஸ்பாக்ஸ் ஒன் அமெரிக்காவில் 2013 நவம்பரில் வந்தது, ஜப்பானுக்கு 2014 செப்டம்பரில்தான் போனது, மொத்தமாக ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் விற்றது. இந்த அளவு ஆட்களுக்காக கியர்ஸ் ஆஃப் வார் மாதிரி, எதிரியைச் செயின்சா வைத்து இரண்டாகப் பிளக்கும் ஒரு கேமுக்குத் தனிப் பதிப்பு செய்ய மைக்ரோசாஃப்டுக்கே மனசு வரவில்லை. முதல் மூன்று பாகங்கள் ஜப்பானுக்கு வந்தன, அடுத்து வந்த ஜட்ஜ்மென்ட் என்ற பாகம் வரவில்லை, நான்காம் பாகமும் 2016இல் வெளியானபோது வரவில்லை. தன் கன்சோலுக்காகத் தானே செய்த கேமைத் தானே அனுப்பவில்லை!

விளையாட்டுப் போட்டி கேம்கள் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேடன் அமெரிக்கக் கால்பந்து, பனி ஹாக்கி, இவற்றின் பல வருடப் பதிப்புகள் ஜப்பானுக்குப் போகவில்லை, அந்த விளையாட்டைப் பார்ப்பவர்கள் அங்கே குறைவு. அதில் யாருக்கும் அநியாயம் நடந்ததாக நான் நினைக்கவில்லை.

'ஜப்பானியர்களுக்கு மேற்கத்திய கேம் பிடிக்காது' என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக ஓடுகிறது, இதை மறுத்தே ஆக வேண்டும். அங்கே வெளிநாட்டு கேம்களை 'யோகே' என்பார்கள், ஒரு காலத்தில் அந்தச் சொல்லில் கொஞ்சம் இளக்காரம் இருந்தது நிஜம். மொழிபெயர்ப்பு மோசம், கட்டுப்பாடு முரடு, முதல் நபர் பார்வையில் விளையாடினால் தலைசுற்றல் என்று குறைகள் சொன்னார்கள், அதில் பல நியாயமானவை. ஆனால் வரலாற்றைப் பாருங்கள். விசார்ட்ரி 1981இல் அமெரிக்காவில் வந்த ரோல்பிளேயிங் கேம். டிராகன் குவெஸ்ட்டைச் செய்த யூஜி ஹோரி அதில் மயங்கியவர்களில் ஒருவர். 1987இல் ஆஸ்கி நிறுவனம் அதை ஃபேமிகாமுக்கு அவ்வளவு அக்கறையோடு கொண்டுவந்தது. அதைச் செய்த அமெரிக்க நிறுவனம் சர்டெக் மூடிப் போன பிறகும் ஜப்பானில் புதுப் புது விசார்ட்ரிகள் வந்துகொண்டே இருந்தன. பிறந்த ஊரில் மறந்துபோன ஒரு கேமைத் தத்தெடுத்து வளர்த்தது ஜப்பான்.

கிராஷ் பேண்டிகூட் அடுத்த உதாரணம். நாட்டி டாக் அமெரிக்க ஸ்டுடியோ, ஆனால் சோனியின் ஜப்பானியக் குழு சொன்னதை எல்லாம் உட்கார்ந்து கேட்டு, முகத்தை மாற்றி, கடினமான இடங்களில் உதவிக் குறிப்புகள் சேர்த்து, ஜப்பானுக்கென்று இழைத்துக் கொடுத்தார்கள். மூன்றாம் பாகம் அங்கே 10 லட்சத்தைத் தாண்டியது. ராட்செட் அண்ட் கிளாங்க்கில் ராட்செட்டுக்கு ஜப்பானில் மட்டும் தடித்த புருவம் வைத்தார்கள். ஸ்பைரோவில் தலைசுற்றல் வரக் கூடாது என்று கேமராவையே மாற்றினார்கள், அது மட்டும் அவ்வளவாகப் பலன் கொடுக்கவில்லை, மூன்றாம் பாகம் ஜப்பானுக்கு வரவே இல்லை. 2011இல் ஸ்கைரிம் ஃபாமிட்சு பத்திரிகையில் 40க்கு 40 வாங்கியது, மேற்கத்திய கேம் ஒன்றுக்கு அது முதல் முறை. அப்புறம் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5, அப்புறம் 2020இல் கோஸ்ட் ஆஃப் சுஷிமா. சுஷிமாவைச் செய்தது அமெரிக்காவின் சக்கர் பன்ச், அதன் இயக்குநர்கள் இருவரை சுஷிமா நகரமே தன் சுற்றுலாத் தூதர்களாக அறிவித்தது. மைன்கிராஃப்ட் ஸ்விட்ச்சில் எத்தனை லட்சம் விற்றது என்று பாருங்கள், அங்கே குழந்தைகளுக்கு அது வெளிநாட்டு கேம் என்பதே தெரியுமா என்று சந்தேகம். ஆகவே ரசனையைக் காரணம் காட்டுவது சோம்பேறித்தனமான விளக்கம்.

இன்னொரு வகை மாற்றம் இருக்கிறது, அதை மேலே சொன்னவற்றோடு ஒன்றாகப் போட்டுக் குழப்புவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்வேர்ல்ட்: ஏப்ஸ் ஆடிஸி, 1997. ஏப் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் அடிமையாக வேலை செய்கிறவன், அவனுக்குக் கையில் நான்கு விரல். ஜப்பானில் அதை மூன்றாக்கினார்கள். காரணம் புராக்குமின். இறைச்சி, தோல் வேலை செய்ததற்காகத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள் அவர்கள், நான்கு விரலைக் காட்டுவது அவர்களை நாலுகால் பிராணியோடு சேர்த்து இழிவுபடுத்தும் சைகை. கசாப்புத் தொழிலாளியும் நான்கு விரலும் ஒரே திரையில் சேர்ந்தால், அமெரிக்காவில் உட்கார்ந்து வரைந்தவருக்குக் கனவிலும் தோன்றாத ஒரு அர்த்தம் அங்கே வந்துவிடுகிறது. பிறப்பை வைத்து ஒதுக்கப்படுவது எப்படிப்பட்டது என்று தெரிந்த யாரும் அந்த மாற்றத்தைக் குறை சொல்ல மாட்டார்கள்.

கிராஷ் பேண்டிகூட் 2இலும் இப்படி ஒன்று. கிராஷ் நசுங்கும்போது தலையும் பாதங்களும் மட்டும் மிஞ்சி நடக்கும் வேடிக்கையான அனிமேஷன் ஒன்று இருந்தது. 1997இல் கோபே நகரில் நடந்த சிறுவர் கொலைகள் நாட்டையே உலுக்கியிருந்தன, அதே வருடம்தான் கேம் வருகிறது, அந்த அனிமேஷன் அந்தக் கொடூரத்தை நினைவூட்டியது, ஜப்பானியப் பதிப்பில் மாற்றிவிட்டார்கள். ஃபால்அவுட் 3 இன்னும் ஆழமான விஷயம். மெகாடன் என்ற ஊரின் நடுவே வெடிக்காத அணுகுண்டு கிடக்கும், அதைச் செயலிழக்கச் செய்யலாம் அல்லது காசு வாங்கிக்கொண்டு மொத்த ஊரையும் வெடிக்க வைக்கலாம். ஜப்பானில் இரண்டாவது வழி எடுக்கப்பட்டது, அந்த வேலையைக் கொடுக்கும் பர்க் என்ற பாத்திரமே இல்லை. சின்ன அணுகுண்டை எறியும் ஆயுதத்துக்கு மூலத்தில் 'ஃபேட் மேன்' என்று பெயர், நாகசாகியில் விழுந்த குண்டின் பெயர் அது. அதை நூக்கா லாஞ்சர் ஆக்கினார்கள். பெயர் மாற்றத்தில் எனக்கு ஒரு கேள்வியும் இல்லை. மெகாடன் விஷயத்தில்தான் மனசு இரண்டாகப் பிரிகிறது. ஒரு ஊரை அழிக்கும் பொத்தானை உன் கையில் கொடுத்து, அழுத்தினால் நீ யார் என்று காட்டுவதுதான் அந்தக் கதையின் வலு, அணுகுண்டைப் பற்றி எந்தப் பிரசங்கமும் சொல்லாததை அந்தக் கட்டம் சொல்கிறது. இருந்தாலும் அந்தப் பொத்தானை ஹிரோஷிமாவில் வாழும் ஒருவரிடம் கொடுப்பதா என்று முடிவு செய்யும் உரிமை தூரத்தில் இருக்கும் எனக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

அப்படி வரும் மாற்றங்கள் ஒரு சமூகத்தின் காயத்தை மதித்து வருகின்றன. துண்டான கையின் உட்பக்கம் தெரியக் கூடாது என்பது எந்தக் காயத்திலிருந்தும் வரவில்லை. அது ஒரு விதிப் புத்தகத்தின் வரி. அந்த வரியும் காரணமில்லாமல் வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாகாணத்துக்கும் இளைஞர் நலனுக்கான தனி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. 2005இல் கனகாவா மாகாணம் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3ஐ 'தீங்கு விளைவிக்கும் வெளியீடு' என்று அறிவித்து, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்பதைத் தடுத்தது. அதை ஜப்பானில் வெளியிட்டது கேப்காம். மாகாணத்துக்கு மாகாணம் இப்படிக் கிளம்பினால் தொழிலே நடத்த முடியாது என்ற பயத்தில், அடுத்த வருடமே இஸட் முத்திரை வந்தது. அரசு கை வைப்பதற்கு முன் நாமே வைத்துக்கொள்வோம் என்ற முடிவு. அந்தப் பயம் புரிகிறது. அதற்குப் பிறகு இருபது வருடம் ஓடிவிட்டது என்பதும் புரிய வேண்டும்.

இந்தக் கத்தரி மேற்கத்திய கேம்களை மட்டும் குறிவைக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கேப்காமின் பயோஹசார்ட் 7 (வெளிநாட்டில் ரெசிடென்ட் ஈவில் 7), 2017இல் ஜப்பானில் இரண்டு பெட்டிகளாக வந்தது, டி முத்திரையோடு ஒன்று, 'குரோடெஸ்க் பதிப்பு' என்று இஸட் முத்திரையோடு ஒன்று. அந்த குரோடெஸ்க் பதிப்புகூட வெளிநாட்டுப் பதிப்போடு முழுதாக ஒத்துப்போகாது. ஒரு ஜப்பானிய நிறுவனம் ஜப்பானில் உட்கார்ந்து செய்த கேமை அதன் முழு வடிவத்தில் பார்க்க ஜப்பானியர்கள் வெளிநாட்டுப் பதிப்பை வரவழைக்க வேண்டும். 2024இல் ஷேடோஸ் ஆஃப் த டேம்ட் மறுவெளியீட்டின்போது, அதைச் செய்தவர்களில் ஒருவரான சுடா51 என்ற கோயிச்சி சுடா இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். இரண்டு பதிப்பு செய்வதால் வேலைப்பளு கூடுகிறது, இந்த விதிகள் யாருக்காக என்றே புரியவில்லை, விளையாடுகிறவர்களுக்காக என்று தோன்றவில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். பக்கத்தில் பயோஹசார்டைப் படைத்த ஷின்ஜி மிகாமி. ஜப்பானியத் திகில் கேமின் தந்தை மாதிரி இருப்பவரே இதில் மாட்டிக்கொண்டு நிற்கிறார் என்றால் வெளிநாட்டு ஸ்டுடியோவின் நிலையைச் சொல்ல வேண்டுமா?

உரிமை விவகாரம் ஒன்றும் உண்டு. ஜப்பானில் விற்கும் உரிமையை உள்ளூர் நிறுவனம் வாங்கிவிட்டால், அவர்கள் பதிப்பு வரும்வரை, சில சமயம் வந்த பிறகும்கூட, உலகப் பதிப்பு, கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீமில் ஜப்பான் முகவரிக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கும். ஸ்டீமுக்கு செரோ தேவையில்லை, வேறு எந்த விதியும் தடுக்கவில்லை, ஆனாலும் வாங்க முடியாது. உன் நாட்டுக்கு விற்க மாட்டோம் என்பதைச் சுருக்கி 'ஒமாகுனி' என்று ஜப்பானியக் கணினி விளையாட்டாளர்கள் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். எரிச்சலில் பிறந்த சொல் அது. கலிஸ்டோவையும் ஜப்பானில் ஸ்டீமில் வாங்க முடியாமல் போனது.

வேண்டும் என்கிறவர்கள் வழி கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். பிளேஸ்டேஷன் 3 வந்ததிலிருந்து டிஸ்க்குக்குப் பிராந்தியப் பூட்டு, அதாவது ஒரு நாட்டு டிஸ்க் வேறு நாட்டுக் கன்சோலில் ஓடாமல் தடுப்பது, கிட்டத்தட்ட இல்லை என்பதால், ஆசியப் பதிப்பு என்று ஹாங்காங் பக்கம் விற்கும் டிஸ்க்கை வரவழைக்கிறார்கள். சில ஆசியப் பதிப்புகளில் ஜப்பானிய சப்டைட்டிலே இருக்கும், வெட்டும் இருக்காது. ஒரே மொழி, ஒரே கன்சோல், அதே கேம், நாலைந்து மணி நேர விமானப் பயணத்தில் இருக்கும் ஒரு கடையில் முழுதாகக் கிடைக்கிறது. யாரைக் காப்பாற்றுகிறது அந்த வெட்டு? டவுன்லோடு மட்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் நிண்டெண்டோ ஈஷாப்பிலும் ஐ.ஏ.ஆர்.சி. என்ற சர்வதேச ரேட்டிங் போதும், சின்ன ஸ்டுடியோக்களுக்கு அது பெரிய கதவு. டிஸ்க் விற்க நினைக்கும் பெரிய கேம்களுக்குத்தான் பழைய வாசல்.

நியாயம் கேட்பவர்கள் இப்போது தொழிலுக்கு உள்ளேயே இருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் கொரியாவின் ஸ்டெல்லர் பிளேட் ஜப்பானில் டி முத்திரையோடு, அதாவது 17 வயதுக்காரருக்கே விற்கும் அளவில் வந்தபோது, டெட் ஸ்பேஸை வெளியிட்ட இ.ஏ. நிறுவனத்தின் ஜப்பான் தலைவரே எக்ஸ் தளத்தில் கேட்டார்: இதில் உடல் துண்டாவது இருக்கிறதே, எங்கள் டெட் ஸ்பேஸை மட்டும் ஏன் எந்த முத்திரையும் கொடுக்காமல் திருப்பி அனுப்பினீர்கள்? அடுத்த வருடம் அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ் வந்தது. ஜப்பானில் நடக்கும் கதை, வாள் எடுத்தால் தலை போகும் காலம். வெளிநாட்டில் தலை துண்டாவதை அமைப்புகளில் போய் அணைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளலாம், ஆட்டக்காரர் இஷ்டம். ஜப்பானியப் பதிப்பில் இஸட் முத்திரை குத்தியும் அந்தத் தேர்வே கிடையாது. சாமுராய் கதையின் வாள்வீச்சு, சாமுராய்கள் வாழ்ந்த நாட்டில்தான் மழுங்கி வந்தது.

செரோவிடம் நான் எதிர்பார்ப்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. ஒரு கேமுக்கு முத்திரை மறுக்கும்போது எந்தக் காட்சிக்காக, எந்த விதிப்படி என்று பொதுவில் எழுதட்டும். இன்று அது நிறுவனத்துக்கும் செரோவுக்கும் இடையில் மூடிய அறையில் முடிந்துவிடுகிறது. ஸ்டெல்லர் பிளேடுக்கும் டெட் ஸ்பேஸுக்கும் நடுவில் கோடு எங்கே விழுந்தது என்று எழுதி வைத்தால், அடுத்து கேம் செய்கிறவர் முதல் வருடத்திலேயே அதைப் பார்த்துத் திட்டமிடலாம், முன்பதிவு வாங்கிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிலை வராது. அதோடு இஸட்டின் கூரையை எடுத்துவிட வேண்டும். கடைக்காரர் அடையாள அட்டையைப் பார்த்து விற்கும் பெட்டிக்குள் என்ன இருக்கலாம் என்பதை வாங்குகிறவரே முடிவு செய்துகொள்ளட்டும்.